வலப்பக்கம் விழுந்த நிழல்

ஜனவரி 12

அண்ணிக்கு,

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் அக்கா வீட்டு நம்பருக்கு அடித்தால் அவர் எடுத்து, "அவ குளிக்கிறாப்பா" என்கிறார். காலையிலும் குளியல், மதியமும் குளியல். சரி, எழுதியே பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்து எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

படகில் புது ஃபிஷ் ஃபைண்டர் வைத்திருக்கிறோம். மீனுக்காகத்தான் வைத்தோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மெஷின் படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும்தான் காட்டும், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. இது அப்படியில்லை. படகின் அடியில் பொருத்தியிருக்கும் கருவியிலிருந்து இரண்டு பக்கமும் சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து வலப்பக்கத் தரையையும் இடப்பக்கத் தரையையும் படமாக வரைகிறது. படகு போகப் போக, திரையின் மேலிருந்து கோடு கோடாக இறங்கி வரும். சேறு என்றால் மங்கல், பாறை என்றால் பளிச். தரையிலிருந்து எழுந்து நிற்கும் எதற்கும் பின்னால் கருப்பாக ஒரு நிழல் விழும், அந்த இடத்துக்குச் சத்தம் போய்ச் சேராததால். பொருத்திக்கொடுத்த மெக்கானிக், "பொருளைப் பாக்காதீங்க, நிழலைப் பாருங்க. உருவம் அதுலதான் தெரியும்" என்றார். நம்ம ஆட்கள் இதற்கு ஸ்கேன் சென்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். திரையைப் போட்டாலே, "கடலுக்கு எத்தனாவது மாசம்ணே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் கரைக்குத் திரும்பும்போது, காற்றுக்கு ஒதுங்கி வடக்குப் பாறைகளின் ஓரமாக வந்தோம். வலை கிழிந்துவிடும் என்று அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பாறை, சேறு, மறுபடி பாறை என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வலப்பக்கத்தில் நீளமாக ஒன்று வந்தது. பாறைக்கு அவ்வளவு நேரான விளிம்பு இருக்காது. நான் சட்டென்று சுக்கானைத் திருப்பிவிட்டேன். திருப்பியிருக்கக் கூடாது. இந்த மெஷினுக்குப் படகு நேராக, மெதுவாகப் போக வேண்டும். திரும்பினால் படம் இழுபட்டுக் கரைந்துவிடும். அப்படித்தான் கரைந்தது. காற்றும் ஏறிவிட்டது. இடத்தை மட்டும் மெஷினில் குறித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அது என்னவென்று எனக்குத் தெரியாது. எந்தக் காலத்துப் படகாகவும் இருக்கலாம். ஆனால் உங்களிடம் கேட்காமல் மறுபடி அங்கே போக மனம் வரவில்லை. போகட்டுமா?

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் குளித்துக்கொண்டிருக்கவில்லை. போனில் உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கிறது. "அண்ணி" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நொடி வருகிறது. அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான் எடுப்பதில்லை.

நான் ஆஸ்பத்திரியில், துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். காய்ச்சும் மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் கை பொள்ளும் சூட்டில் வந்து விழும். இந்த முனையை நான் பிடிப்பேன், அந்த முனையை இன்னொருத்தி பிடிப்பாள். உதறி, மடித்து, நடந்து போய் முனைகளைச் சேர்ப்போம். பேச்சு தேவையில்லாத வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போக வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். மேற்கே இருக்கும் பெரிய துறைமுகத்தில், ஐஸ் இறக்கும் இடத்தில் அவரைப் பார்த்ததாக மீன் லாரி டிரைவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். இந்த இரண்டு வருஷத்தில் நான் அங்கே போய்த் தேடியது உங்களுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை கிடைத்தால் போவேன். படத்தைக் காட்டுவேன். "பாத்த மாதிரி இருக்கு" என்று ஒருவராவது சொல்வார்கள். ஓடிப்போன மனுஷன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார் இல்லையா? நகர்ந்துகொண்டே இருப்பார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியாது. அவர் காணாமல் போன அந்த வாரம் எல்லாப் படகுகளும் தேடிக்கொண்டிருந்தன. "போதும், திரும்பலாம்" என்று ரேடியோவில் முதலில் சொன்னது உங்கள் படகு. நான் கரையில் ரேடியோவுக்கு முன்னால் நின்றிருந்தேன். அதுவும் அவர் குரலாகத்தான் என் காதில் விழுந்தது.

அன்றைக்குத் திரும்பினீர்கள். இன்றைக்குப் படகில் டிவி வாங்கி வைத்துக்கொண்டு தேடட்டுமா என்கிறீர்கள்.

அன்றைக்கு அவரோடு படகில் போன ஒல்லியின் அம்மாவிடம் எதையும் சொல்லி வைக்காதீர்கள். பாவம், அந்த அம்மாவாவது நிம்மதியாக இருக்கட்டும்.

அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த மறுநாளே, "டேய், அந்தச் சொம்பை எடு" என்று என்னை வேலை வாங்கியவர் நீங்கள். கடிதத்தில் மற்றதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் உறைத்தது.

திரும்பலாம் என்று சொன்னது நான்தான். இல்லை என்று என்றைக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு என் படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இறைக்க இறைக்க நிற்கவில்லை. என்னோடு வந்தவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொரு தடவை அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையேதான் சொல்வேன். இதற்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்கிற விஷயமில்லை இது. ஆனால் அண்ணனைத் தேட எனக்கு மனமில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓடிப்போனவனின் தம்பி என்று துறைமுகத்தில் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூஞ்சிக்கு நேராகவே பேசுகிறார்கள்.

அந்த லாரி டிரைவரை நானும் தேடிப் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்து, "எங்க அண்ணன் உங்ககிட்ட என்ன பேசினாரு?" என்றேன்.

"நல்லா சிரிச்சுப் பேசினாருப்பா. அரசியல், சினிமா, எல்லாம். லோடு ஏறி முடியற வரைக்கும் பேசினாரே."

அண்ணி, நம்ம வீட்டு மனுஷன் லோடு ஏறி முடிகிற வரைக்கும் பேசினாராம். அரசியலும் சினிமாவும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட வாயைத் திறக்காமல் எழுந்துபோய் உப்பை எடுத்து வருகிறவர். நான் அதற்கு மேல் அந்த ஆளிடம் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் போக வேண்டாம் என்றீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே நான் போய்விட்டேன். பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

கடல் தகடு மாதிரி இருந்தது. சுக்கானை யாரிடமும் கொடுக்கவில்லை. நடக்கிற வேகத்தில், கோடு போட்ட மாதிரி நேராகப் போனேன். முதலில் பாறைகள் இறங்கி வந்தன. பிறகு வெறும் சேறு. பிறகு அது வந்தது. முன்பக்கம் கூராக, நடுவில் அகலமாக, பின்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி. மெக்கானிக் சொன்னபடி நான் நிழலைப் பார்த்தேன். வலப்பக்கமாக நீண்டு விழுந்திருந்தது. சுக்கான் அறையின் சதுரம் தெரிந்தது. அதன் மேலே விளக்குக் கம்பம். அது நேராக இல்லை, பாதியில் மடங்கி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பாலத்தடியில் இடித்து அண்ணன் வளைத்துவிட்ட கம்பம். நிமிர்த்தித் தருகிறேன் என்று நான் சொல்லிச் சொல்லியே நிமிர்த்தாமல் விட்ட கம்பம்.

மூன்று தடவை வெவ்வேறு பக்கத்திலிருந்து போய்ப் பார்த்துவிட்டேன். நம்ம படகுதான் அண்ணி. கவிழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரேடியோவில் அண்ணனின் கடைசிக் குரல் தெற்கிலிருந்து வந்ததால் எல்லோரும் தெற்கிலேயே தேடினோம்.

அவர் எங்கேயும் ஓடவில்லை.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். எதிர் முனையில் இருந்தவள், "என்னக்கா, மடிக்கலாமா வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஓடவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்தச் சந்தோஷம் உனக்கு. ஊருக்கு முன்னால் நீ தலை நிமிரலாம். எனக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தாயா?

நான் தினமும் அவரைத் திட்டுகிறேன். சமைக்கும்போது திட்டுவேன். பஸ்ஸில் நிற்கும்போது மனதுக்குள் திட்டுவேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால், பாத்ரூம் குழாய் ஒழுகினால், அக்கா வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் அவருக்குத்தான் விழும். எந்த ஊரில் எந்தத் தட்டில் சோறு தின்றுகொண்டிருக்கிறாயோ, உனக்கு விக்கட்டும் என்பேன். அப்படிச் சொன்னால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஓடிப்போன ஆளைத் திட்டலாம் தம்பி. தண்ணீருக்குள் இருக்கிற ஆளை என்ன செய்வது?

அவர் வருவார் என்று நான் காத்திருக்கவில்லை. வந்தால் கதவைத் திறப்பேனா என்றுகூடத் தெரியாது. எங்கேயோ இருக்கிறார் என்பது போதும். கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ எனக்காக ஒன்று செய். அந்த மெஷினில் குறித்து வைத்திருக்கிறாயே, அந்தப் புள்ளி, அதை அழித்துவிடு. நீ எதையும் பார்க்கவில்லை. பாறை. நான் பெரியவள், கேட்கிறேன். அழித்துவிடு.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

அழித்துவிட்டேன். நீங்கள் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பொத்தானை அழுத்தினால் "நீக்கவா?" என்று கேட்கிறது. ஆமாம் என்றேன். போய்விட்டது.

ஆனால் அழித்து என்ன? கலங்கரை விளக்கமும் ஐஸ் ஃபேக்டரியின் புகைபோக்கியும் ஒன்றன் பின் ஒன்றாக வரும் கோட்டில், பாறை முடிந்து தண்ணீரின் நிறம் மாறும் இடம். அதைக் கண்ணிலிருந்து எப்படி அழிப்பது?

எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. திரையை என்னோடு சேர்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் வாயைக் கட்டலாம், அவர்கள் வாயை எப்படிக் கட்டுவது? திங்கட்கிழமை ஒல்லியின் அம்மா படகடிக்கு வந்துவிட்டார்.

அந்த அம்மாவை நீங்கள் பார்த்தே நாளாகியிருக்கும். இப்போதும் இறால் உரிக்கும் கூடத்தில்தான் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், தோல் உரிந்து கிடக்கிறது. நீங்கள் எழுதியிருந்தீர்களே, அவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. இந்த இரண்டு வருஷமும் தினம் நான் கரைக்கு வரும்போது கூடத்து வாசலில் வந்து நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். நான் தலையை ஆட்டுவேன். உள்ளே போய்விடுவார். இதுதான் அவருடைய நிம்மதி.

அன்றைக்கு வந்து, "படம் காட்டுற பொட்டி வெச்சிருக்கியாமே, காட்டு" என்றார்.

"இங்க காட்ட முடியாதும்மா. அந்த இடத்துக்குப் போனாத்தான் தெரியும்."

"அப்ப போ. நானும் வரேன்."

அவர் படகில் ஏறியதே இல்லை. கூட்டிப்போனேன் அண்ணி. வேறு என்ன செய்வது? பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தேன். வழியெல்லாம் வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் கோடு கோடாக இறங்கியது. முன்பக்கம் வந்தது, பிறகு அறை, பிறகு நிழல். நான் விளக்கம் சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டார். திரை மேல் விரலை வைத்து, "இதுல எம்புள்ள எங்க இருக்கான்?" என்றார்.

"அதெல்லாம் இதுல தெரியாதும்மா. படகு மட்டும்தான் தெரியும்."

"எறங்கிப் பாத்தா தெரியுமா?"

"தெரியலாம்."

"அப்ப எறக்கு."

நான் நடந்ததைச் சொல்லிவிட்டேன். படகு அண்ணன் பேரில் இருந்தது, இப்போது அது அண்ணிக்குத்தான் பாத்தியம், முக்குளிப்பவரை உள்ளே இறக்க அண்ணி சம்மதம் வேண்டும் என்று துறைமுக அதிகாரி சொல்கிறார், அண்ணி வேண்டாம் என்கிறார்கள் என்று.

அந்த அம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே, "அவளுக்கு வேணாம்னா அவ பாக்க வேணாம். எனக்கு வேணும்ப்பா. எதுவா இருந்தாலும் வேணும். ஒரு துணி கெடச்சாலும் சரி" என்றார்.

இதற்கு மேல் நடுவில் நிற்க என்னால் முடியவில்லை. தென்காற்று ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் கலங்கிப்போகும். முக்குளிப்பவர் இறங்க மாட்டார். வேண்டாம் என்றால், நீங்களே வந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

தம்பி


மார்ச் 2

தம்பி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்துவிட்டேன். அதற்குப் பதிலாகத் துறைமுகத்துக்குப் போனேன். உங்கள் துறைமுகமில்லை, மேற்கே இருப்பது. ஒரேயொரு தடவை, கடைசித் தடவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

பார்த்தேன் தம்பி.

ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அதே தோள். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும் அதே தோள். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்த விதம்கூட. இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வசவுகூட வாயில் வரவில்லை. பின்னால் போய் நின்றேன். யாரோ நிற்பது தெரிந்து அவர் திரும்பினார்.

வேறு ஆள்.

என்னைவிடச் சின்ன வயசுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். நான் படத்தை நீட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கே என்னைப் பாத்த மாதிரி இருக்கும்மா" என்றார். பிறகு சிரித்தார். நன்றாகப் பேசினார். தன் ஊரைப் பற்றி, மழையைப் பற்றி, எந்த நடிகர் படம் ஓடுகிறது என்பதைப் பற்றி. பேசிக்கொண்டே இருந்தார். என் மனம் தேற வேண்டும் என்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

லாரி டிரைவர் பொய் சொல்லவில்லை. பார்த்திருக்கிறார். இந்த மனுஷனைப் பார்த்திருக்கிறார்.

இறக்கு. சம்மதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் வர மாட்டேன். என்ன கிடைத்ததோ அதை எழுது. எப்படி இருந்தார் என்று மட்டும் எழுதாதே.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

நாலு நாளைக்கு முன்னால் முக்குளிப்பவர் இறங்கினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. நான் படகை நேர் மேலே நிறுத்தி வைத்திருந்தேன். ஒல்லியின் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கரையில் கூடத்து வாசலில் நின்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

தெற்கே மீன் கிடைக்காமல் வடக்கே வந்து வலை போட்டிருக்க வேண்டும்; வலை பாறையில் சிக்கியிருக்கிறது. படகின் பின்பக்கத்திலிருந்து பாறை வரை கம்பி வடம் இன்னும் விறைப்பாக நிற்கிறதாம். அன்றைக்கு அண்ணனும் ஒல்லியும் மட்டும்தான் போனார்கள், உங்களுக்குத் தெரியும். சிக்கிய வலையை இழுத்திருக்கிறார்கள். பெரிய அலை ஒன்று தூக்கியபோது வடம் படகின் பின்பக்கத்தைக் கீழே பிடித்து நிறுத்தியிருக்கும். பின்பக்கம் தண்ணீருக்குள் போனால் அதற்குப் பிறகு அவகாசம் இல்லை. வடங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் முறிந்து சுக்கான் அறைக் கதவின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

உள்ளே ஒருவர்தான் இருந்தார். ஒல்லி. பெல்ட்டை வைத்துத் தெரிந்தது. அவன் இடுப்புக்கு எந்த பெல்ட்டும் பொருந்தாது என்று ஆணியால் கூடுதல் ஓட்டைகள் போட்டு வைத்திருப்பான்.

அண்ணன் உள்ளே இல்லை. படகில் எங்கேயும் இல்லை.

முக்குளிப்பவர் மேலே வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, "உங்க அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டார். ஏன் என்றேன். "கதவு இடுக்குல ஒரு கடப்பாரை சொருகிக் கெடக்கு. வெளியிலேருந்து சொருகினது. கடப்பாரையே வளைஞ்சிருக்கு" என்றார்.

அண்ணி, அண்ணன் வெளியேதான் இருந்திருக்கிறார். இழுவை மெஷின் பக்கத்தில். அவர் எப்படி நீந்துவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலையின் மிதவைகள் கையெட்டும் தூரத்தில் கிடந்திருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கலாம். படகு மூழ்கிக்கொண்டிருக்கும்போது அவர் கடப்பாரையைத் தேடி எடுத்து, கதவை நெம்பியிருக்கிறார். கடப்பாரை வளைகிற அளவுக்கு நெம்பியிருக்கிறார். எதுவரை நெம்பினார், எப்போது கைவிட்டார், கைவிட்டாரா என்பதெல்லாம் தெரியாது.

ஒல்லியை மேலே கொண்டுவந்தோம். சின்ன மூட்டைதான். அவன் அம்மா அதை யார் கையிலும் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நான் படகைச் சுற்றி வட்டத்தை விரித்து விரித்துப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் போனேன். வலப்பக்கம், இடப்பக்கம். சேறும் கல்லும்தான் வருகிறது. டயரைக்கூடத் தெளிவாகக் காட்டுகிற மெஷின் இது. ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு அது காட்டுவதற்கு என்ன மிச்சமிருக்கும்? ஆட்கள் எதுவும் சொல்லாமல் என் கூட வருகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

துறைமுகத்தில் இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். போன மாதம் அதே வாய்கள் என்ன பேசின என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர்கள் நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன.

தம்பி


மார்ச் 27

தம்பி,

ஊரெல்லாம் அவரை வீரன் என்கிறது. அக்கா வீட்டுக்காரர்கூட இந்த வாரம் என்னை "அம்மா" போட்டுப் பேசுகிறார். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இல்லை. ஆத்திரமாக இருக்கிறது. கதவுக்கு உள்ளே ஒருத்தன் இருந்தான், சரி. கதவுக்கு வெளியே, கரையில், நாங்கள் இரண்டு பேர் இருந்தோமே. நெம்பும்போது ஒரு தடவையாவது எங்களை நினைத்தாரா? நினைத்துவிட்டுத்தான் நெம்பினாரா? எது என்றாலும் எனக்கு ஆறவில்லை.

இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். அதனால்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை, வேலை முடிந்து வெளியே வரும்போது ஆஸ்பத்திரியின் பின் கேட்டில் ஒல்லியின் அம்மா உட்கார்ந்திருந்தார். தனியாக பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். நீதான் முகவரி கொடுத்தாய் என்றார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "என்னைத் திட்டு" என்றார்.

"எதுக்கும்மா?"

"நீ திட்டுவேன்னுதான் வந்தேன். எம்புள்ளையால உம்புருஷன் போனான். அவன் மட்டும் அன்னிக்கு லீவு போட்டிருந்தா உன் வீட்டுக்காரன் நீந்தியாவது வந்திருப்பான். நான்தான் அவனை வேலைக்குப் போடான்னு அனுப்பினேன். திட்டு. மனசுல வெச்சுக்காத."

நான் நினைத்திருந்ததை எல்லாம் அப்படியே, வார்த்தை பிசகாமல், அந்த அம்மாவே சொல்லிவிட்டார். டம்ளரை வாங்கி, டீயை மறுபடி சூடு செய்து கொடுத்தேன். அப்போது குடித்தார்.

பாப்பா அவரிடம், "நீங்க யாரு?" என்றாள். "உங்க அப்பா கூட வேலை பாத்தவனோட அம்மா" என்றார். "எங்கப்பா எங்க இருக்காரு, தெரியுமா?" என்று கேட்டாள். இத்தனை நாளாக நான் அவளுக்கு ஒவ்வொரு ஊராகச் சொல்லி வைத்திருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், அப்பா கடலில் இறந்துவிட்டார் என்று. பாப்பா அழவில்லை. அப்படியென்றால் அவருக்காக எடுத்து வைத்திருக்கும் சட்டைகளை என்ன செய்வது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் நான் அழுதேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் காலையில் அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பிய பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். உரிந்து உரிந்து அந்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

"எனக்கு ஒரு குழி இருக்கு. போய் ஒக்காந்துட்டு வரேன். உனக்கு அதுவும் இல்ல. நீயும் அங்க வந்து ஒக்காந்துக்க. கொஞ்சம் தள்ளி ஒக்காந்தா ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு" என்றார்.

வண்டி நகர்ந்துவிட்டது.

இனிமேல் வட்டம் போடாதே தம்பி. உன் ஆட்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வலையைப் போடு, மீனைப் பிடி, வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வா.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் அந்த அம்மாவிடம்தான் போவேன். ஒல்லியை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் எழுது.

அண்ணி